நாவலுக்கும் கடுக்காய்க்கும் ஆஸ்திரேலியாவில் உறவுக்காரர்கள்

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு செடி கண்ணில் படும். பளபளக்கும் சின்ன இலை, செம்பு நிறத் தளிர், ஆளுயரத்துக்கு வெட்டிவிட்ட வேலி. லில்லி பில்லி என்பது அதன் பெயர். வெட்டாமல் விட்ட கிளைகளில் இளஞ்சிவப்பாகவும் கருஞ்சிவப்பாகவும் குட்டிக்குட்டிப் பழங்கள் தொங்கும். பிறகு நடைபாதையில் உதிர்ந்து செருப்பில் அப்பிக்கொள்ளும். எட்டு வருடம் அந்த வழியே நடந்தும் அது சாப்பிடும் பழம் என்று எனக்குத் தெரியாது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாதான் ஒருநாள் நின்று, இலையைக் கசக்கி முகர்ந்து, பழத்தை நகத்தால் கீறிப் பார்த்து, "இது நாவ மரத்துக்குச் சொந்தம் மாதிரி இருக்கே" என்றார்.

அம்மா சொன்னது தாவரவியல்படியும் சரி. லில்லி பில்லி வகைகளும் நாவலும் சிசிஜியம் என்ற ஒரே பேரினம். நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் கிராம்பும் அதே பேரினம்தான். ரைபெரி என்று ஒரு லில்லி பில்லி வகை உண்டு. அதன் பழத்தைக் கடித்தால் லேசான புளிப்புக்குப் பின்னால் கிராம்பு வாசனை வரும். இது தெரிந்த பிறகு அந்தப் பழத்தை என்ன செய்யலாம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சர்க்கரை சேர்த்துக் காய்ச்சலாம், ஊறுகாய் போடலாம், கறிக்குழம்பின் கடைசியில் நாலைந்து பழம் நசுக்கிப் போடலாம்.

ஆஸ்திரேலிய மண்ணின் தாவரங்களைச் சமைக்க ஆரம்பிக்கும் தமிழருக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். செடியின் உறவைக் கண்டுபிடியுங்கள், பாதி வழி தெளிவாகிவிடும். மீதிப் பாதியை உறவு சொல்லாது. அது அந்த மண்ணின் பூர்வகுடி மக்களிடம் இருக்கிறது.

'புஷ் ஃபுட்', 'புஷ் டக்கர்' என்றெல்லாம் இவற்றைச் சொல்கிறார்கள். புஷ் என்றால் ஆஸ்திரேலியப் பேச்சுவழக்கில் காடு, டக்கர் என்றால் சாப்பாடு. 1788-இல் பிரிட்டிஷ் குடியேற்றம் தொடங்குவதற்குப் பல பத்தாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே அங்கு வாழ்ந்துவரும் மக்கள், 250-க்கும் மேற்பட்ட மொழிகளைப் பேசியவர்கள், தத்தம் நிலத்தில் தெரிந்துவைத்திருந்த உணவு. பாலைவனத்தில் ஒன்று, மழைக்காட்டில் ஒன்று, கடற்கரையில் இன்னொன்று. குடியேறியவர்கள் கோதுமையும் ஆடும் கொண்டுவந்து அவற்றையே வளர்த்தார்கள். நீண்ட காலம் உலகச் சந்தைக்குப் பெரிய அளவில் போன ஒரே ஆஸ்திரேலிய உணவுத் தாவரம் மக்கடேமியா. அதையும் முதலில் பெரிய தோட்டப்பயிராக்கியது ஹவாய்த் தீவுகள். 1880-களில் விதை அங்கே போனது.

சரி, உறவு மட்டும் போதாது என்றேனே, அதற்கு ஒரு கதை இருக்கிறது. சற்று நிதானமாகவே சொல்கிறேன்.

1860 ஆகஸ்ட் மாதம் மெல்போர்னிலிருந்து பர்க், வில்ஸ் என்ற இருவரின் தலைமையில் ஒரு பெரிய பயணக்குழு கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கக் கிளம்பியது. வட கடலோரத்தை எட்டித் திரும்பும்போது அவர்களிடம் சாப்பாடு தீர்ந்துவிட்டது. கூப்பர் க்ரீக் என்ற ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்டார்கள். அங்கே வாழ்ந்த யாந்த்ருவாந்தா மக்கள் அவர்களுக்கு மீனும், நார்டூ என்ற செடியின் மாவில் சுட்ட அடையும் கொடுத்தார்கள். நார்டூ யாரென்றால் நம் ஆரைக்கீரையின் நேரடிச் சொந்தம். இரண்டும் மார்சிலியா பேரினம், இரண்டுக்கும் அதே நான்கு இலை. நாம் இலையைச் சமைக்கிறோம். அங்கே அடிப்பகுதியில் காய்க்கும் கெட்டியான வித்துப்பையை அரைத்து மாவாக்குகிறார்கள்.

பயணக்காரர்கள் பிறகு தாங்களே நார்டூவைப் பொறுக்கி, இடித்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். வயிறு நிரம்பியது. ஆனால் நாளுக்கு நாள் கால்கள் வலுவிழந்தன. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் தெம்பு ஒட்டவில்லை என்று வில்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதினார். 1861-இன் நடுவில் பர்க்கும் வில்ஸும் இறந்துபோனார்கள். கிங் என்ற மூன்றாமவர் யாந்த்ருவாந்தா மக்களோடு போய்ச் சேர்ந்து, அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டு, செப்டம்பரில் மீட்புக் குழு வரும்வரை உயிரோடு இருந்தார்.

நார்டூவில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. பி1 இல்லாமல் போனால் பெரிபெரி நோய் வரும், கால்கள்தான் முதலில் விழும். பசியோடும் சோர்வோடும் சேர்ந்து இந்த நொதியும் அவர்களை வீழ்த்தியிருக்கும் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் விளக்கினார்கள். யாந்த்ருவாந்தா பெண்கள் வித்துப்பையைத் தண்ணீர் விட்டு அரைத்து, அலசி, பக்குவப்படுத்திய பிறகே அடை சுடுவார்கள். பயணக்காரர்கள் செடியை எடுத்துக்கொண்டு பக்குவத்தை விட்டுவிட்டார்கள். அந்த ஆற்றங்கரையில் உணவு என்பது செடியும் கைவேலையும் சேர்ந்த ஒன்று. கருணைக்கிழங்கைப் புளி விட்டு வேகவைக்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

அதனால் தொடங்குபவர்கள் காட்டில் பறித்துச் சாப்பிட வேண்டாம். கடையிலோ நர்சரியிலோ பெயர் தெரிந்து வாங்கியதை மட்டும் சமையுங்கள். தேசியப் பூங்காக்களில் அனுமதியின்றிப் பறிப்பது சட்டப்படி குற்றம், சாலையோரச் செடிகளில் களைக்கொல்லி தெளித்திருப்பார்கள் என்பவையும் காரணங்கள். வாங்கும்போது பூர்வகுடி மக்களே நடத்தும் நிறுவனங்களின் பொருளைத் தேடி வாங்குங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அறிவு அவர்களுடையது, இந்த வியாபாரத்தின் லாபத்தில் அவர்களுக்கு வரும் பங்கு மிகச் சிறியது. இது என்னை உறுத்துகிற விஷயம்.

சமையலை லெமன் மர்ட்டிலில் தொடங்கலாம். குவீன்ஸ்லாந்து மழைக்காட்டு மரம். இலையைக் கசக்கினால் எலுமிச்சைத் தோலும் எலுமிச்சைப்புல்லும் சேர்ந்த மணம் குப்பென்று வரும். அந்த மணத்துக்குக் காரணம் சிட்ரால் என்ற பொருள். எலுமிச்சைத் தோலின் எண்ணெயில் அது சில சதவீதம்தான். எலுமிச்சைப்புல் எண்ணெயில் ஏறக்குறைய முக்கால் பங்கு. லெமன் மர்ட்டில் இலையின் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல்.

இதில் ஒரு வசதி உண்டு. மணம் எலுமிச்சை, ஆனால் புளிப்பு கிடையாது. ஆகவே பால் திரியாது. பாலைக் காய்ச்சி இறக்கி, ஓர் இலையைப் போட்டுப் பத்து நிமிடம் மூடிவைத்து எடுத்துவிட்டு, அந்தப் பாலில் சேமியா பாயசம் செய்து பாருங்கள். எலுமிச்சை மணக்கும் பாயசத்தை நான் அதற்கு முன் சாப்பிட்டதே இல்லை. ரசத்துக்கும் பொருந்தும். கொத்தமல்லி தூவும் நேரத்தில் ஒரு சிட்டிகை காய்ந்த இலைத்தூள் போதும். நேரம்தான் முக்கியம், கொதிக்கும்போதே போட்டால் மணம் ஆவியோடு போய்விட்டு யூக்கலிப்டஸ் தைலம் போன்ற கசப்பு மட்டும் தங்கும். அளவு கூடினாலும் அப்படித்தான். நான்கு பேருக்கான ரசத்துக்கு கால் டீஸ்பூனைத் தாண்டாதீர்கள்.

அடுத்தது வாரிகல் கீரை. சிட்னியில் பேசப்பட்ட தாருக் மொழியில் வாரிகல் என்றால் காட்டு நாய். கடற்கரை மணலில் படரும் தடித்த முக்கோண இலை. 1770-இல் கேப்டன் குக்கின் கப்பலில் இருந்தவர்கள் இதை வேகவைத்துச் சாப்பிட்டார்கள், உடன் வந்த ஜோசப் பேங்க்ஸ் விதையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். நியூசிலாந்துக் கீரை என்ற பெயரில் ஐரோப்பியத் தோட்டங்களுக்கு அது போனது அப்படித்தான். இதில் ஆக்சலேட் அதிகம். பச்சையாகச் சாப்பிடக் கூடாது. கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிழிந்து, அப்புறம் சமைக்க வேண்டும். சிறுநீரகக் கல் இருப்பவர்கள் தவிர்ப்பது நல்லது. மற்றபடி பாசிப்பருப்புக் கூட்டு, தேங்காய்ப்பூ போட்ட பொரியல் என்று நம் கீரை வகை எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். வெந்த பிறகும் குழையாமல் கொஞ்சம் கடிபடும் என்பதே எனக்குப் பிடித்தது.

வாட்டில்சீட் என்பது வேல மரத்து விதை. விதையை வறுத்து அரைத்த தூள்தான் கடையில் கிடைக்கும். டப்பாவைத் திறந்தால் சிக்கரி கலந்த ஃபில்டர் காபி வாசனை, கொஞ்சம் சாக்லேட் சாயல். சூடான பாலில் ஊறவைத்தாலும், பிஸ்கட் மாவில் ஒரு டீஸ்பூன் கலந்தாலும் நன்றாக இருக்கும். ரவா லட்டில் சேர்த்து வறுத்தால் இன்னும் அருமை. ஆஸ்திரேலியாவில் சுமார் ஆயிரம் வகை வேல மரங்கள் உள்ளன. அவற்றில் சாப்பிடத் தகுந்தவை சிலவே. கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் மலையில் வாட்டில் என்று அழைக்கப்படும் மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நட்டதுதான். ஆனால் அது உணவுக்கான வகை இல்லை, அதன் விதையை வறுக்கப் போகாதீர்கள். சோலைக்காடுகளைச் சூழ்ந்த புல்வெளிகளை அது எப்படி விழுங்கியது என்பது அங்கிருப்பவர்களுக்குத் தெரியும். சொந்த மண்ணில் உணவாக இருக்கும் ஓர் இனம் அடுத்த மண்ணில் ஆக்கிரமிப்பாகலாம். இந்தச் செடிகளைத் தமிழ்நாட்டில் நடலாமா என்று கேட்பவர்களுக்கு, வாட்டிலை மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன்.

புளிப்பு வேண்டுமென்றால் டேவிட்சன் பிளம். கருநீலத் தோல், உள்ளே ரத்தச் சிவப்பு. வெறுமனே கடித்தால் கண் மூடிவிடும், அவ்வளவு புளிப்பு. நான் அதைப் பழமாக நினைப்பதை விட்டுவிட்டு மாங்காயாக நினைக்க ஆரம்பித்த பிறகுதான் சமையல் கைகூடியது. வெல்லம், மிளகாய்த்தூள், வெந்தயப்பொடி, நல்லெண்ணெய் போட்டுச் சுருள வதக்கினால் தொக்கு. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளலாம். கொட்டையை எடுத்துவிட மறக்காதீர்கள், பழத்தை உறையவைத்து எடுத்தால் கொட்டை சுலபமாகக் கழன்றுவிடும்.

காரத்துக்குத் தாஸ்மானியப் பெப்பர்பெரி. இது மிளகுக் கொடிக்குச் சொந்தமில்லாத, குளிர்மலைப் புதரில் காய்க்கும் கருப்புப் பழம். கடித்ததும் முதலில் இனிக்கும். சில நொடிகள் கழித்து மிளகைத் தூக்கியடிக்கும் காரமும் நாக்கு மரத்துப்போகும் உணர்வும் வரும். மிளகு போடும் இடத்தில் பாதி அளவு போதும். தயிர்ப் பச்சடியில் நசுக்கிப் போட்டால் பச்சடி இளஞ்சிவப்பாகிவிடும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

சால்ட்புஷ்ஷின் சாம்பல் நிற இலை மண்ணின் உப்பைத் தன்னுள் இழுத்து வைத்திருக்கிறது. காயவைத்துப் பொடித்து உருளைக்கிழங்கு வறுவலில் தூவலாம், முழு இலையைப் பஜ்ஜி மாவில் தோய்த்துப் பொரிக்கலாம். உப்பைக் குறைத்துக்கொண்டால் சரி.

வடக்கே வெப்பமண்டலத்தில் விளையும் ககாடு பிளம் கடுக்காய், தான்றிக்காய், மருத மரம் இவற்றின் பேரினமான டெர்மினேலியாவைச் சேர்ந்தது. ஆரஞ்சில் 100 கிராமுக்குச் சுமார் 50 மில்லிகிராம் வைட்டமின் சி என்றால், இந்தச் சின்னப் பச்சைக் காயில் 2,000-க்கும் மேல். நமக்கு நெல்லிக்காய் எப்படியோ அங்கே அது அப்படி. கிம்பர்லிப் பகுதி மக்கள் கபிஞ்ச் என்பார்கள். நகரத்தில் தூளாகத்தான் கிடைக்கும். மோரில் கலக்கலாம், சுட வைக்க வேண்டாம். இதிலும் ஆக்சலேட் உண்டு என்பதால் அளவோடு.

பாலைவனத்துப் புஷ் டொமாட்டோ மணத்தக்காளி, சுண்டைக்காய் இனம். செடியிலேயே உலர்ந்து திராட்சை போலச் சுருங்கிய பிறகுதான் மத்திய ஆஸ்திரேலியப் பெண்கள் அதைச் சேகரிக்கிறார்கள். பச்சைக் காய் நஞ்சு. அதே நிலத்தில் அதைப் போலவே தோன்றும் நஞ்சுள்ள செடிகளும் உண்டு. உறவு தெரிந்தால் போதாது என்பதற்கு இதுவும் சாட்சி. பொடியாக வாங்கிக் காரக்குழம்பில் போட்டுப் பாருங்கள், மணத்தக்காளி வற்றலின் கசப்பும் கருகிய வெல்லத்தின் ஆழமும் சேர்ந்து வரும்.

இனி வளர்ப்பது. ஆஸ்திரேலிய மண் மிகப் பழையது, பல இடங்களில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. மக்கடேமியா, பேங்க்சியா குடும்பத்துச் செடிகள் அந்தக் குறைவுக்கே பழகி, பிரஷ் போல நெருக்கமான சிறுவேர்க் கொத்துகளை விட்டு, இருக்கும் கொஞ்சத்தையும் உறிஞ்சிக்கொள்ளக் கற்றவை. அவற்றுக்குக் கோழி எருவை அள்ளிப் போட்டால் இலை மஞ்சளாகிக் கருகும். பாசத்தில் செய்யும் தவறுதான், ஆனால் செடி தாங்காது. நர்சரியில் 'நேட்டிவ் செடிகளுக்கு' என்று எழுதிய பாஸ்பரஸ் குறைந்த உரம் கேட்டு வாங்குங்கள். மழைக்காட்டிலிருந்து வந்த லெமன் மர்ட்டில், டேவிட்சன் பிளம், லில்லி பில்லி இவை வேறு ரகம். இலைமக்கும் கம்போஸ்டும் அவற்றுக்குப் பிடிக்கும்.

குவாண்டாங் என்ற சிவப்புப் பாலைப்பழ மரத்தை ஆசையாக வாங்கித் தனியாகத் தொட்டியில் வைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அது சந்தன மரத்தின் பேரினம். சந்தனத்தைப் போலவே பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைப் பொருத்தித்தான் வளரும். துணைச் செடி இல்லாமல் அது பிழைக்காது. பெப்பர்பெரியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பழம் வேண்டுமென்றால் இரண்டும் வேண்டும், குளிரும் வேண்டும். பிரிஸ்பேன் வெயிலில் வைத்துச் சிரமப்படாதீர்கள்.

பால்கனி மட்டும் உள்ளவர்கள் வாரிகல் கீரையில் தொடங்கலாம். விதையை ஓர் இரவு ஊறவைத்து அகலத் தொட்டியில் ஊன்றினால் போதும். லெமன் மர்ட்டில் காட்டில் பெரிய மரம் என்றாலும், 40 சென்டிமீட்டர் தொட்டியில் அடிக்கடி கிள்ளிவந்தால் ஆளுயரத்தில் நிற்கும். தண்டு நட்டு வேர்விட நெடுநாள் ஆகும் என்பதால் கன்றாக வாங்குவது நல்லது. சிட்னி போன்ற இடங்களில் மார்ச் முதல் மே வரை நடவுக்கு ஏற்ற காலம்.

லெமன் மர்ட்டில், லில்லி பில்லி உள்ளிட்ட மர்ட்டில் குடும்பச் செடிகளுக்கு ஓர் எதிரி இருக்கிறது. மர்ட்டில் துரு என்ற பூஞ்சை, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது, 2010-இல் நியூ சவுத் வேல்ஸில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. தளிரில் மஞ்சள் மாவு போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதனால் சில காட்டு மரவகைகள் அழிவின் விளிம்புக்கே போய்விட்டன. உங்கள் செடியில் கண்டால், மாவைத் தட்டிவிடாமல் அந்தக் கிளையின் மேல் பிளாஸ்டிக் பையை மெதுவாகக் கவிழ்த்து, கட்டி, வெட்டி எடுங்கள். அந்த உடுப்போடு பக்கத்துக் காட்டுக்கு நடக்கப் போகாதீர்கள்.

கடைசியாக ஃபிங்கர் லைம். விரல் நீளத்தில் தொங்கும் எலுமிச்சை இனம், நியூ சவுத் வேல்ஸும் குவீன்ஸ்லாந்தும் சந்திக்கும் பகுதியின் மழைக்காடு இதன் ஊர். குறுக்காக வெட்டி அமுக்கினால் சின்னச் சின்ன முத்துகள் உதிரும். பல்லில் ஒவ்வொன்றாக வெடித்துப் புளிக்கும். விதையிலிருந்து வந்தால் காய்க்கப் பல வருடம் ஆகும், அதனால் ஒட்டுச்செடிதான் வாங்க வேண்டும். முள் நிறைய, அதற்கேற்ற இடத்தில் வையுங்கள்.

நான் வாங்கிய ஒட்டுச்செடி இரண்டாம் வருடம் திடீரென்று மளமளவென வளர்ந்தது. சந்தோஷமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாங்கிய இடத்தில் இதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, வேகமாக ஓடிய கிளையில் இலைகள் வில்வம் போல மூன்று மூன்றாக இருந்தன. ஃபிங்கர் லைமின் இலை நகத்தளவு, ஒற்றை ஒற்றையாக இருக்கும். ஒட்டுக்குக் கீழே இருந்த வேர்ச்செடி கிளைத்து, மேலே இருந்த உண்மையான செடியின் சாறையெல்லாம் குடித்துக்கொண்டிருந்தது. வில்வமும் எலுமிச்சையும் இந்த மூவிலை வேர்ச்செடியும் ஒரே குடும்பம்தான். ஒட்டு முடிச்சுக்குக் கீழே வருவதை எல்லாம் தண்டோடு ஒட்ட வெட்டினேன். அதன் பிறகு மாதம் ஒருமுறை கீழே குனிந்து மூன்று இலையைத் தேடுவது வழக்கமாகிவிட்டது.

நான்காம் வருட இலையுதிர்காலத்தில் பதினோரு காய் வந்தது. முதல் காயை வெட்டி, கடுகும் பெருங்காயமும் தாளித்த தயிர் சாதத்தின் மேல் அமுக்கினேன். அடுப்பில் ஏற்றவே கூடாது, சூடு பட்டால் முத்து உடைந்துவிடும். சாதம் ஆறியிருக்க வேண்டும், காயைக் கடைசியில் அமுக்க வேண்டும், கலக்காமல் சாப்பிட வேண்டும்.